பஸ்ஸில் வந்த மழை

"மழை வந்துருமோ, வெள்ளைத்தாய்?" பூவனலிங்கம் மறுபடியும் கேட்டார்.

"வராது. இன்னைக்கு ஒரு பொழுது தப்பிட்டா, மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டிரலாம்."

கோவில்பட்டிப் பக்கம் வானம் கறுத்திருந்தது. அந்தத் திசையைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

டீக்கடை கமால் சிரித்தார். "ஊரே மழைக்கு ஏங்குது, நீங்க வேண்டாங்கீயளே! தீப்பெட்டிக் குச்சியா காயப் போட்டிருக்கீய, அண்ணாச்சி?"

கோவில்பட்டி பஸ் வந்து நின்றது. இறங்கியவர்கள் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

"டவுன்ல கொட்டித் தீத்துட்டு!" என்றார் ஒருவர் சந்தோஷமாக.

இங்கே ஒரு சொட்டு இல்லை. பூவனலிங்கம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"என்னாச்சு அண்ணாச்சி?"

வெள்ளைத்தாய்தான் பதில் சொன்னாள்.

"மழை இல்லாம எங்க உளுந்து கருகிப்போச்சு, பாய். இன்சூரன்சுக்காரவ மழையைக் கோவில்பட்டியில வச்சுத்தான் அளக்காவ. அங்கன குறைஞ்சாத்தான் பணம். இன்னைக்குத்தான் கடைசி நாளு."