பிணமாக நடித்தவன்

"1523, பிப்ரவரி 17. நடிகர் பட்டியலில் பிணத்துக்கு எதிரே பெயர் எழுத விட்டுப்போயிற்று. பிழை என்னுடையது."

நாடகக் குழுவின் ஏட்டில் இதை எழுதிய யோஸ்ட், சரிதானா என்று மறுபடி படித்துப் பார்த்தான்.

"அந்தப் பேரு இப்ப வேண்டாம் தம்பி," என்றாள் வெரேனா. "நாடகம் முடியட்டும்."

அவள் கணவன் மார்ட்டி, போன வருட நாடகத்தில் ஊர்ப் பிஷப்பான ஆயரைக் கேலி செய்து வேடம் கட்டியவன். அதற்காகவே ஆயர் அவனைத் திருச்சபையிலிருந்து விலக்கியிருந்தார். நான்கு நாட்களுக்கு முன் அவன் இறந்தான். உடலைச் செபம் சொல்லி மந்திரிக்க மாட்டேன், கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது என்றுவிட்டார் ஆயர். வெரேனா மூன்று முறை அவர் வாசலுக்கு நடந்து, வெறுங்கையோடு திரும்பினாள்.

தவக்காலத்துக்கு முந்தைய கடைசிக் கேளிக்கை நாள்; ரைன் ஆற்றங்கரைச் சந்தைத் திடலில் பனி பெய்தது. முகம் நிறைய மாவு அப்பிய பிணம் பாடையில் கிடந்தது. வயிற்றில் தலையணை கட்டி, ஆயர் வேடத்தில் நின்ற ரொட்டிக்காரன் க்ளாவுஸ், காணிக்கையாக வந்த வாத்தைத் தூக்கிப் பார்த்தான்.

"எலும்பும் தோலுமா இருக்கு. இதுக்கெல்லாம் சொர்க்கம் கிடைக்காது. கொழுத்ததா ஒண்ணு கொண்டா."

கூட்டம் சிரித்தது. பிறகு எல்லாத் தலைகளும் மாடத்தில் இருந்த நிஜ ஆயர் பக்கம் திரும்பின.

கேலியைத் தாங்கத் தெரியாதவர் என்று ஊர் பேசக் கூடாதே. அவர் சிரித்தபடி இறங்கி வந்தார்.

"எனக்கு வாத்து வேண்டாம்ப்பா. சும்மாவே மந்திரிக்கிறேன்."

கோயிலிலிருந்து தீர்த்தம் வந்தது. லத்தீன் செபத்தை ஒரு வரி விடாமல் சொன்னார். தீர்த்தம் தெளித்து, நெற்றியில் சிலுவை வரைந்தார். விரல் சட்டென்று நின்றது.

"என்னப்பா, இவ்வளவு சில்லுனு இருக்கான்?"

"காலையிலேருந்து பனியிலதான் கெடக்கான், ஆண்டகையே," என்றான் க்ளாவுஸ்.

"நல்ல நடிகன். மூச்சுகூடத் தெரியல." ஊருக்கே கேட்கும்படி குரலை உயர்த்தினார். "போ, என் கல்லறைத் தோட்டத்துலயே உனக்கு இடம் குடுத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. திடல் முழுவதும் தொப்பிகள் கழன்றன. "ஆமென்" என்றது ஊர், ஒரே குரலில். ஆயர் விரலை அங்கியில் துடைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி மாடமேறினார்.

பிணத்தின் இமைகளில் விழுந்த பனி கரையவே இல்லை.

யோஸ்ட் ஏட்டைத் திறந்து, விட்ட இடத்தை நிரப்பினான்: "பிணம்: மார்ட்டி."

அதன் கீழே எழுதினான்: "நாளை, சாம்பல் புதன். காலையில் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட வேண்டும்."