பதினொன்றில் கட்டிய வேகம்

மடவளையில் ருஷ்தா தன் புது லெப்டொப்பில் கோப்புப் பகிரும் செயலியை ஏற்றினாள். வேகத்துக்கு வரம்பு எதுவும் வைக்கவில்லை. போன வருசம் மௌத்தாகி அடக்கமான அவளுடைய வாப்பா அதை எப்போதும் பதினொரு கிலோபைட்டில் கட்டி வைப்பார். கூட்டினால் கத்தாரிலிருந்து அவளுடைய தம்பி இணையத்தில் எடுக்கும் கோல் அறுந்துவிடும் என்பார். அவருடைய கணினி கழற்றிய பாகங்களாக அலுமாரிக்குள் கிடந்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஆறு வயது மகள் நதா, அவர் பேரில் பாத்திஹா சூரா ஓதினாள். பார்க்காமல் ஓதியது அதுதான் முதல் தடவை. தம்பிக்கு அனுப்பலாமென்று ருஷ்தா அதைப் பதிந்து செயலியில் போட்டாள். இணைப்பை அனுப்பாமல் எவராலும் எடுக்க முடியாது. அனுப்புவதற்கு முன்பே ஒருவர் எடுக்கத் தொடங்கியிருந்தார். வேகம் பதினொன்று.

"யாருக்கு லிங்க் குடுத்தீங்க?" என்று கணவர் முஸ்அப் கேட்டார்.

"ஒத்தருக்கும் இல்ல."

வேகம் பத்தாகவில்லை, பன்னிரண்டாகவும் இல்லை. நூறு வீதம் வந்த பிறகும் அந்த ஆள் போகவில்லை. நதாவின் ஓதலைப் பகிர்பவர்கள் ருஷ்தாவோடு சேர்த்து இரண்டு பேர் என்று திரை காட்டியது.

ருஷ்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"மகள், இன்னொரு சூரா ஓதுங்க."