முந்திக்கொண்ட ஐந்தாம் நம்பர்

காரைக்கால் பிரவுசிங் சென்டரின் கண்ணாடிக் கதவோடு மதிய வெயில் நின்றுவிடுகிறது. உள்ளே மீன்கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு, கோட்டுச்சேரிமேட்டுக் காசியம்மா மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் கல்லூரிக் கபடி அரையிறுதி நேரலை. எதிரணிப் பெண்கள் மூவர் காலைக் கவ்வியிருக்க, மகள் கவியா நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டியபடியே உறைந்து கிடக்கிறாள். திரை நடுவே ஒரு வட்டம் மட்டும் சுற்றுகிறது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஐந்தாம் நம்பரில், பஞ்சாயத்துத் தலைவர் நெடுமாறன். அரைக்கால் சட்டையில் பெண்பிள்ளை ஆடுவது ஊருக்கு மானக்கேடா என்று தன் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல, சட்டை மடிப்புக் கலையாமல் வந்திருக்கிறார். மானக்கேடு என்றால், ஆட்டத்தை நிறுத்தும்வரை குடும்பம் ஊர்விலக்கு. "வெலக்கிக்குங்க. எம்மவ ஆடுவா" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள் காசியம்மா. ஒரே ஆட்டம்தான், தலைவருடைய கம்ப்யூட்டரில் மட்டும் கொஞ்சம் முந்தி ஓடுகிறது. இவள் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, அங்கே நாற்காலி சாய்கிற சத்தம். "விட்றாதடி தங்கம்! கைய நீட்டு, இன்னும் நீட்டு... கோட்டத் தொட்டுட்டா! செயிச்சிட்டோம்!" காசியம்மா எழுந்து தடுப்புக்கு மேலே தலையை நீட்டுகிறாள். தலைவர் நாற்காலியை நிமிர்த்தி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார். "எதையும் முழுசாப் பாத்துட்டுத்தானே சொல்லணும்" என்கிறார். "பாருங்க தலைவரே, நல்லாப் பாருங்க" என்கிறாள் அவள். "நாளைக்கு ஃபைனலு. பஞ்சாயத்தையே கூட்டியாங்க."