இடைவேளை வரைக்கும்

ஓவியரின் சட்டைப் பைகளைத் துழாவிக் கிடைத்த சினிமா டிக்கெட்டுகளை அவர் மனைவி தரையில் பரப்பினாள். பதினொன்று. பதினொன்றும் ஒரே படம், அதே காலைக் காட்சி.

"இந்த வயசுல உன் மாமாவுக்குப் புத்தி போற போக்கைப் பாருடி!" என்று தங்கையிடம் குமுறினாள்.

வேறு யாராவது என்றால் போகட்டும் என்று விடலாம். ஓவியம்தான் கலை, சினிமா வெறும் கேளிக்கை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மல்லுக்கு நின்ற மனிதர் இவர். வீட்டில் யாராவது சினிமாப் பாட்டை முணுமுணுத்தாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இரண்டு வருடமாகத் தூரிகையைத் தொடாமல் சுவரை வெறித்துக்கொண்டிருந்தவர், இப்போது தியேட்டரிலிருந்து வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். அவர் குளிக்கப் போன சமயம் மனைவி உள்ளே எட்டிப் பார்த்தாள். பெரிய கித்தானில் ஒரு பெண்ணின் உருவம், யாரோ கூப்பிட்டுத் திரும்புகிற மாதிரி. முகம் இருக்க வேண்டிய இடத்தை அழித்து அழித்துப் புண்ணாக்கி வைத்திருந்தார்.

"அந்த ஹீரோயினேதான். சினிமாக்காரி மாதிரியே சாஞ்சுக்கிட்டுத் திரும்புறா. மனுஷன் மயங்கிட்டாரு!"

தங்கை சினிமாப் பைத்தியம். அவளுக்கு இது ஒட்டவில்லை. "ஆனா அக்கா, ஹீரோயின் இடைவேளைக்கு அப்புறம்தானே வர்றா? மாமா பாதியிலேயே எழுந்து வந்துடறாரே."

"பாதியோ முழுசோ, மயக்கம் மயக்கம்தான்."

"நம்ம பஸ் ஸ்டாண்டுல எடுத்து, மூணு வருஷமா பெட்டியில தூங்கின படம்கா அது. அதை யாரு பதினோரு தடவை பாப்பாங்க? இன்னிக்கோட தூக்கறாங்க, தெரியுமா?"

அவ்வளவுதான், அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இருபத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவர் கைநழுவிப் போகிறாரோ என்ற பயத்தில் அழுகைகூட வரவில்லை.

தியேட்டரில் பத்துப் பேர்கூட இல்லை. மூன்றாவது வரிசையில், மடியில் நோட்டுப் புத்தகமும் கையில் பென்சிலுமாக அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"யாருங்க அவ?"

அவர் திடுக்கிடவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

"வந்துட்டியா? நல்லதாப் போச்சு."

"கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. என்னை விட்டுட்டு இங்க வந்து தினமும் யாரைப் பாக்கறீங்க?"

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ தாங்க மாட்டேன்னு பயந்தேன்." நோட்டுப் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "போட்டோவை வெச்சு வரைஞ்சா பொம்மை மாதிரி நிக்கிறா. என் கைக்கு முகம் வரமாட்டேங்குது."

திரையில் பஸ் ஸ்டாண்டு வந்தது. கதாநாயகன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினான். ஓவியர் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணைச் சிமிட்டாதே. மூணே செகண்டுதான், நம்ம பொண்ணு உசுரோட நடந்து வருவா."