பக்கம் நாற்பத்தொன்று

எம்.டி.யின் மச்சானுடைய புகைப்படத்தில் இடது காது சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி, மூன்றாவது முறையாக அதைத் திருப்பி அனுப்பினாள் விசா அக்கா.

அலுவலகம் உள்ளுக்குள் சிரித்தது. காது ஒரு சாக்கு, அக்கா காரியத்தைக் கெடுக்கத்தான் இழுத்தடிக்கிறாள் என்று கேண்டீன் வரை பேச்சு. கெடுத்தால் தப்பில்லை என்றும் பேச்சு.

விசா அக்கா என்பது பட்டப்பெயர். கம்பெனி ஆட்களுக்கு வெளிநாட்டு வேலை விசா வாங்கிக் கொடுப்பது அவள் வேலை. பதினொரு வருடத்தில் நானூற்றுச் சொச்சம் இன்ஜினீயர்களை விமானம் ஏற்றியிருக்கிறாள். ஒரு விண்ணப்பம்கூடத் திரும்பி வந்ததில்லை. அதைப் பாராட்டி, கம்பெனி அவளுக்கு ஸ்டோர் ரூமில் பாதியையும் இரண்டு கால்கள் மட்டும் ஆடாத ஒரு மேஜையையும் கொடுத்திருந்தது.

ஒவ்வொரு ஃபைலின் கடைசிப் பக்கத்திலும் 'தயாரித்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எம்.டி. கையெழுத்துப் போடுவார். விசா வந்தால் அவர் சாமர்த்தியம், வராவிட்டால் அவள் தவறு என்பது ஏற்பாடு. வராமல் போனதே இல்லை என்பதால், ஏற்பாட்டின் இரண்டாம் பாதிக்கு இதுவரை வேலை வரவில்லை.

இந்த வருடம் விசா பிரிவுக்குத் தலைவர் என்று ஒரு புதுப் பதவியை உண்டாக்கினார்கள். அக்காவுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அக்காவும் நினைத்தாள்.

எம்.டி.க்கு வெளிநாட்டுக் கிளையில் மச்சான் ஒருவர் இருந்தார். அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிக்கொண்டு, தனக்கு அங்கே என்ன வேலை என்பது தனக்கே பிடிபடாமல் ஆறு வருடம் ஓட்டியவர். அவரை இங்கே கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்கார வைக்க முடிவானது. வெளிநாட்டுக் குடிமகன் என்பதால் விசா வேண்டும். விசா பிரிவுத் தலைவருக்கு விசா வாங்கித் தரும் பொறுப்பு யாருக்குப் போகும்?

உள்நாட்டில் இந்த வேலைக்கு ஆளே இல்லை என்று காட்டினால்தான் விசா தருவார்கள். ஆகவே பத்திரிகையின் ஒரு மூலையில், கண்ணாடி போட்டவர்களும் தவறவிடும்படி ஒரு விளம்பரம் வந்தது. அதற்கு வந்தது ஒரே ஒரு மனு. அக்காவுடையது.

'ஒரு விசா ஃபைலைத் தொடக்கம் முதல் முடிவு வரை தனியாகக் கையாண்ட அனுபவம் இல்லை' என்று எழுதி எம்.டி. அதை நிராகரித்தார். அந்தத் தாளுக்கும் துளை போட்டு, பக்கம் நாற்பத்தொன்று என்று எண் எழுதி, மச்சானின் ஃபைலில் ஆதாரமாகக் கோத்தவள் அவளேதான்.

வரவேற்பறைப் பெண்ணுக்குத்தான் பொறுக்கவில்லை. "அக்கா, அந்த நாப்பத்தொண்ண மட்டும் உருவிடுக்கா. எங்கயோ விழுந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம். பக்கம் குறைஞ்சா விசா ஆபீஸ்லயே தூக்கிப் போட்டுடுவாங்க."

"பக்கம் குறைஞ்சா எனக்குத் தூக்கம் வராதும்மா."

"அந்தாளு வந்து உன் தலைமேல உக்காந்தா மட்டும் நல்லா வருமாக்கும்."

நான்காவது புகைப்படத்தில் காது வந்திருந்தது. அக்கா அதை ஓரம் பிசகாமல் ஒட்டினாள். அறுபத்திரண்டு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லை. எம்.டி. கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடிக்கொண்டு சாப்பிடப் போனார். வரவேற்பறைப் பெண் இரண்டு நாள் அக்காவிடம் பேசவில்லை.

மூன்றாவது வாரம் விசா அலுவலகத்திலிருந்து எம்.டி.க்குப் போன் வந்தது. ஃபைல் சம்பந்தமாக ஒரு சந்தேகமாம். அவர் உடனே அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

எம்.டி.யிடம் ஒரு பழக்கம் உண்டு. பாராட்டு என்றால் ரிசீவரைக் காதோடு ஒட்டிக்கொள்வார். திட்டு என்றால் ஸ்பீக்கரைப் போடுவார். அக்கா உள்ளே நுழைந்தபோது ஸ்பீக்கர் போட்டிருந்தது.

தயாரித்தவர் என்று உங்கள் கையெழுத்து இருக்கிறதே, நீங்களே தயாரித்ததா என்று மறுமுனையில் பெண் அதிகாரி கேட்டார்.

"கையெழுத்து மட்டும்தான் மேடம் என்னுது," என்றார் எம்.டி. "நான் ஒரு வரிகூடப் பாக்கல. இதோ, முன்னாடி நிக்கறாங்க, இந்தம்மாதான் பண்ணினது."

மேற்பார்வைக்கோ உதவிக்கோ வேறு யாராவது உண்டா என்று அதிகாரி விடாமல் கேட்டார். போனில் தெரியாது என்பதை மறந்து எம்.டி. வேகமாகத் தலையை ஆட்டினார்.

"ஒருத்தரும் கிடையாது மேடம். ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் தனியாத்தான். இந்த ஒரு ஃபைல் இல்ல, பதினோரு வருஷமா எல்லா ஃபைலும் இவங்கதான். எந்தத் தப்பா இருந்தாலும் இவங்கதான் பொறுப்பு. வேணும்னா எழுதியே தர்றேன்."

அக்கா அறுபத்திரண்டு பக்கத்தையும் மனதுக்குள் ஒருமுறை புரட்டினாள். "தப்பு இருக்காதுங்க மேடம்," என்றாள் மெதுவாக.

"தப்பு எதுவும் இல்லம்மா. நானும் ரெண்டு தடவை தேடிட்டேன். உங்க பேரச் சொல்லுங்க."

அக்கா சொன்னாள். மறுமுனையில் தாள்கள் புரண்டன. பாதி ஃபைலைத் தாண்டி ஓர் இடத்தில் சத்தம் நின்றது. எம்.டி. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்ப, இந்த வேலைக்கு ஆள் உங்ககிட்டயே இருக்காங்களே சார்."