காரணம் தெரியாத வகை

"எங்க வீட்ல ஒரு இறகுகூடக் கிடையாது டாக்டர். நீங்கதான் வந்து பாத்தீங்களே" என்றார் கிளாரி. இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கியது அவருக்கு.

பார்த்தேன்தான். போன வாரம் மருத்துவமனை வேலை முடிந்து, மாலை ஆறு மணிக்கு செஸ்நாக் ஊரில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். மெத்தையைப் புரட்டினேன், ஏசியைக் கழற்றினேன், குளியலறைச் சுவரை முகர்ந்துகூடப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடாதது என் அதிர்ஷ்டம்.

இறகுத் தூசி மூச்சில் போய் நுரையீரலைக் கெடுக்கும் ஒவ்வாமை இது. முன்பு மூன்று வகையாகப் பிரித்தோம், இப்போது இரண்டுதான்: தழும்பு விழாத வகை, தழும்பு விழுந்த வகை. முதலாவது ஆறும், இரண்டாவது ஆறாது. மூன்றை இரண்டாகக் குறைத்த பிறகும் குழம்புகிற நிபுணன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான்.

ஆறு மாதம் முன்பு கிளாரிக்கு முதல் வகை. "நீங்க வளக்கிற பந்தயப் புறாவையெல்லாம் யார்கிட்டயாவது குடுத்துடுங்க, சரியாயிடும்" என்றேன். ரயில்வே சிக்னலில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷன், என் எதிரிலேயே அழுதுவிட்டார்.

"யார்கிட்ட குடுத்தாலும் சமைச்சுத் தின்னுடுவாங்க டாக்டர்."

எனக்கு மனசு தாங்கவில்லை. நாற்பது புறாக்களையும் நானே எடுத்துக்கொண்டேன். அவர் வீட்டிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, மெய்ட்லண்டில் என் வீட்டுத் தோட்டத்தில் கூண்டு கட்டினேன். இடம் பழகட்டும் என்று இரண்டு மாதம் அடைத்து வைத்து, முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் திறந்துவிட்டேன். தீனி மூட்டை பாதிகூடக் குறையவில்லை. "கொஞ்சமா தின்னுற உயர்ந்த ஜாதி" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

இப்போது திரையில் கிளாரியின் புதுப் படம். நுரையீரல் ஓரத்தில் மெல்லிய கோடுகள். தழும்பு விழத் தொடங்கியிருந்தது.

"இன்னும் கைமீறிப் போகல கிளாரி. ஆனா இப்படியே விட்டா ரெண்டாவது வகைதான், அப்புறம் திரும்பாது. எதனால வருதுன்னு தெரிஞ்சாத்தான் நிறுத்த முடியும். எனக்குத் தெரியல."

சொல்லும்போதே வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. நாளைக்கு மற்ற நிபுணர்கள் முன்னால் இந்தப் படத்தை வைக்க வேண்டும். வேறு வழியில்லாமல் 'காரணம் தெரியாத வகை' என்று எழுதப் பேனாவை எடுத்தேன்.

அவர் மனைவி நொலீன் முழங்கையால் அவரை இடித்தார். "இப்பவாவது வாயத் தொறந்து சொல்லித் தொலைங்களேன்!"

கிளாரி தரையைப் பார்த்தார். "நம்ம புறாவெல்லாம் எப்படி இருக்கு டாக்டர்?"

பேச்சை மாற்றுகிறார், பாவம் என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷப்படட்டுமே என்று நானும் அளந்தேன்.

"அதுங்களுக்கு என்ன குறை? காலைல திறந்துவிட்டா எங்கயோ பறந்து போகுது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு நாப்பதும் டாண்ணு என்கிட்ட திரும்பிடும். என்மேல அப்படி ஒரு பாசம்!"

கிளாரி மெதுவாக நிமிர்ந்தார்.

"நாலரைக்கு நான்தானே டாக்டர் விரட்டி விடறேன்."