ரங்கெலின் தலையாட்டல்

ப்லோவ்திவ் நகரப் பழங்கணினிப் போட்டி மூன்று மணிக்கு. பத்து வினாடிக்குள் இயங்கி எழாத கணினிக்கு மேடையில் இடமில்லை. காலையில் எங்கள் கணினி எழ நாற்பத்தெட்டு வினாடி ஆனது. இல்லாத பிரிண்டரையும் இல்லாத மோடத்தையும் ஒவ்வொரு முறையும் தேடிக்கொண்டிருந்தது. அவற்றை இயக்கும் டிரைவர் மென்பொருள்களை ஒவ்வொன்றாக முடக்கினேன்.

“பதினொண்ணுடா! பதினொண்ணு!” நண்பன் ரங்கெல் ஸ்டாப்வாட்சோடு குதித்தான்.

“இன்னும் ஒண்ணுதான் மிச்சம். கேமரா டிரைவர்.”

“இந்தத் தகர டப்பாவுல ஏதுடா கேமரா? தூக்குடா அதையும்!” என்று கையிலிருந்த பனிட்சாப் பலகாரத்தை முழுதாக வாயில் திணித்துக்கொண்டான்.

“முடக்கவா?” என்று திரை கேட்டது.

“முடக்கிடவா?” என்று நானும் கேட்டேன். வாய் நிறைந்திருந்ததால் ரங்கெல் தலையை இடமும் வலமுமாக ஆட்டினான். எங்கள் ஊரில் அது ‘ஆமாம்’. மேலும் கீழும் ஆட்டினால்தான் ‘இல்லை’.

என் விரல் விசையைத் தொடுமுன் திரையில் வரி மாறியது: “சரி, முடக்கவில்லை.”

“ஆமான்னுதானேடா சொன்னேன்! வெளியூர்க்காரன் மாதிரி தப்பாப் புரிஞ்சுக்கிச்சே!” என்று ரங்கெல் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

பெட்டியைக் கழற்றிப் பார்த்தோம். கேமரா இல்லை. மூடிவிட்டு மறுபடி இயக்கினோம்.

எதையும் முடக்காமலே ஒன்பது வினாடி. மேடையில் இடம் உறுதி.

“முடக்கவா? இருவரும் சொல்லுங்கள்” என்கிறது திரை.

மணி இரண்டே முக்கால். நாங்கள் கழுத்தை அசைக்காமல் நிற்கிறோம்.